கம்பும் காந்தமும்

கம்பில் இரும்புச்சத்தை ஏற்றுவது என்றால், செடிக்கு இரும்புத் தூளை உரமாகப் போடுவது என்று நான் நம்பினேன். நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இரண்டு கிலோ இரும்புத் தூளைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு கீழ்மாடி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அப்போது நான் மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில், வண்டிகளுக்கு பிரேக் டிரம் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளன். டிரம்மைக் கடையும்போது லேத்துக்கு அடியில் கரித்தூள் மாதிரி இரும்பு குவியும். ஊரெல்லாம் அதைக் குப்பை என்றது. எனக்கு மட்டும் அது கம்புச் செடியின் சத்துமாவாகத் தெரிந்தது. சொசைட்டி என்று அங்கே சொல்லும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ் வீடுகள் இரண்டே இரண்டு. மூன்றாவது மாடியில் கோயம்புத்தூர்க்காரர்களான நாங்கள், இரண்டாவது மாடியில் கோவில்பட்டிக்காரரான அக்கா. அக்கா ஒரு விதை ஆராய்ச்சி நிலையத்தில் கம்பில் புது ரகம் உண்டாக்குகிறவர் என்றும், இரும்புச்சத்து அதிகமுள்ள கம்புதான் அவர் தேடுவது என்றும் என் மனைவி வசந்தி சொன்னாள். மறுநாளே பொட்டலம் தயார்.

கதவைத் திறந்தவர் பொட்டலத்தையும் என் சட்டையையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்காதிய."

"ஏனுங்க்கா, சுத்தமான இரும்புங்க. கலப்படமே இல்லீங்க."

"அதாம் பயமா இருக்கு."

உள்ளே போய் ஒரு பழைய ஸ்பீக்கரின் வட்டக் காந்தத்தை எடுத்து வந்தார். நடுவில் இருந்த ஓட்டையில் நூல் கயிறு கோத்திருந்தது. ஆரத்தி சுற்றுவது போல அதை என் சட்டை மேல் சுற்றினார். திருப்பிக் காட்டினார். காந்தத்துக்கு மீசை முளைத்திருந்தது.

"பாத்தியளா? உங்க சட்டையில இருக்க இரும்பு போதும், எம் மூணு வருச வேலையக் கெடுக்க."

பொட்டலத்தைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். அப்புறம் வாசலில் நின்றபடியே விளக்கினார். மண்ணில் இரும்பு ஏற்கெனவே இருக்கிறது. சில செடிகள் அதை வேரால் இழுத்துத் தானியத்தில் சேர்க்கும். சில சோம்பேறிகள். நன்றாக இழுக்கிறவற்றைக் கண்டுபிடித்து ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிள்ளைகளில் இன்னும் நன்றாக இழுப்பவற்றைத் தேட வேண்டும். மறுபடி சேர்க்க வேண்டும்.

"கல்யாணத் தரகு வேலைதான் அண்ணாச்சி. சாதகத்துக்குப் பதிலா சோதனைக் கூடத்துத் தாளு."

எந்தக் கதிரில் எவ்வளவு இரும்பு என்பது கண்ணுக்குத் தெரியாது. தானியத்தை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அறிய வேண்டும். அங்கே இருக்கும் கருவிக்கு, இது செடி இழுத்த இரும்பு, இது சிஞ்ச்வட்காரன் சட்டையிலிருந்து உதிர்ந்த இரும்பு என்று பிரிக்கத் தெரியாது. ஒரு சிட்டிகைத் தூசி போதும், சோம்பேறிச் செடி முதல் மார்க் வாங்கிவிடும். அதனால் அக்கா வீட்டில் கம்புக்குப் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது. பைகள் துணியில். கட்டுவது நூலில். எண் எழுதிய சீட்டை ஸ்டேப்ளர் பின் போட்டுக் குத்தினால் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு கிடையாது. வேலையில் இறங்கும்போது சேலையில் ஊக்குகூடக் குத்த மாட்டார். கம்பங்காட்டில் இருந்த கொட்டகைக்குத் தகரக் கூரை, துரு உதிரும் என்று அறுவடை முடிந்ததும் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து, கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிடுவார். விருந்தாளிகள் கம்புப் பைகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து காபி குடிப்பார்கள்.

இதையெல்லாம் நான் கிறுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். காந்தம் வெறும் கருவி, கிறுக்கு வேறு இடத்தில் இருக்கிறது என்று புரிய நாளானது. அந்த அக்காவால் நல்ல செய்தியை நம்ப முடியாது.

எடை பார்க்கும் இயந்திரத்தில் இரண்டு கிலோ குறைந்திருந்தால் வேறு பெண்கள் பலகாரம் சாப்பிடப் போவார்கள். இவர் கீழே போய், கட்டட வேலைக்காரர்களிடம் ஒரு செங்கல் வாங்கி வந்து, அதை மளிகைக்கடைத் தராசில் ஒரு தடவையும் வீட்டு இயந்திரத்தில் ஒரு தடவையும் நிறுத்து, இயந்திரம்தான் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து, சந்தோஷமாகப் பலகாரத்தை வேண்டாம் என்றார். மகனுக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய் விடைத்தாளைத் திரும்பக் கூட்டச் சொன்னார். தொண்ணூற்றைந்தாகக் குறைந்தது. எல்லாருக்கும் கேசரி செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளை மட்டும் சாப்பிடவில்லை. எங்கள் சொசைட்டி லிஃப்ட் தொடர்ந்து இரண்டு வாரம் ஓடியதும் இவர் படியேற ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் செயலாளரை உள்ளே வைத்துக்கொண்டு அது நின்றது.

"நல்லா இருக்கேன்னு தோணுச்சுன்னா, மொதல்ல எங்க தப்புன்னு தேடணும் அண்ணாச்சி. கெட்டது தானா வந்து சொல்லிரும்."

இன்னொரு பழக்கம், பார்க்கிறவர்களின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பது. சொசைட்டிக் குழந்தைகள் அவரைக் கண்டால் தாங்களாகவே இமையை இழுத்துக் காட்டிவிட்டு ஓடும். உள்ளே சிவப்பாக இருந்தால் விடுவார். வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. வசந்திக்கு ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் நானே முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு கம்பங்காட்டுக்குப் போனேன். நகர் என்ற ஊருக்குப் போகும் சாலையில், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். காட்டில் வேலை செய்த பெண்களில் சகுபாய் என்று ஒருத்தி. முப்பது வயது இருக்கும். வேறு செடியின் மகரந்தம் படாதபடி கதிர்களுக்குக் காகித உறை மாட்டிக்கொண்டு வந்தவள், வரிசை முடிவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தாள். நான் வெயில் என்று நினைத்தேன். அக்கா போய் அவள் இமையை இழுத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"மாத்திரை குடுக்கலாமுங்களே அக்கா?"

"குடுத்திருக்கேன். ஒரு மாசம் திம்பா. வயித்தப் பெரட்டுதுன்னு நிறுத்திருவா. கீரை தின்னு, ஈரல் தின்னுன்னு சொல்லலாம். தலைய ஆட்டுவா. ஆனா பாக்ரி திங்காம ஒரு நாளு இருக்க மாட்டா. அவ தட்டுல ஏற்கெனவே இருக்குறதுக்குள்ள இரும்ப வச்சாத்தான் உண்டு."

சகுபாய்க்கு நாங்கள் பேசியது புரியவில்லை. ஆனால் பாக்ரி என்ற சொல் காதில் விழுந்ததும் தன் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கு ஆளுக்குப் பாதி கம்பு ரொட்டி கொடுத்தாள். கூடவே இடித்த மிளகாய். என் கண்ணில் தண்ணீர் வந்தது. உணர்ச்சி இல்லை, மிளகாய்தான்.

இனி என் சாதனைக்கு வருகிறேன்.

அந்த வருடம் நூற்று நாற்பது பைகள். ஒரு பைக்கு ஒரே வம்சத்துச் செடிகளின் கதிர்கள். கதிர் காய்ந்ததும் பைக்குள் வைத்தபடியே மரச்சுத்தியால் தட்டி, மணியை உதிர்த்து, ஒரு பங்கை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மீதியை விதைக்கு வைக்க வேண்டும். ஆய்வகத்துக்குத் தேதி குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அக்காவின் தங்கைக்குப் பிரசவம். கோவில்பட்டிக்குக் கிளம்பும்போது சாவியை வசந்தியிடம் கொடுத்தார்.

"பைய மட்டும் பகல்ல மொட்டைமாடி வெயில்ல காயப் போட்டு எடுத்து வையி. வேற ஒண்ணுஞ் செய்யண்டாம். அண்ணாச்சியக் கிட்ட விடாத."

கடைசி வாக்கியத்தை வசந்தி எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரன் கையில் ஒரு மோட்டாரும் ரோஷமும் சேர்ந்து கிடைக்கக்கூடாது. திரும்பி வந்து, ஆய்வகத் தேதிக்கு மிஞ்சும் நாலு நாளில் நூற்று நாற்பது பையை ஒரு பெண் கையால் தட்டுவதாவது! பழைய வாஷிங் மெஷின் மோட்டார், ஒரு துண்டு இரும்புக் குழாய், குழாயைச் சுற்றி வெல்டிங் வைத்த இருபத்து நாலு போல்ட். கம்பு அடிக்கும் இயந்திரம் தயார். துரு ஆகாது என்று அக்கா பாராட்ட வேண்டுமே, அதற்காக எமரித் தாள் போட்டுக் கண்ணாடி மாதிரித் தேய்த்தும் வைத்தேன்.

வசந்தி காய்கறி வாங்கப் போயிருந்த முற்பகலில், மொட்டைமாடியில் காய்ந்த பைகளை அக்கா வீட்டுக் கூடத்துக்கு இறக்கி, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். இயந்திரம் அற்புதமாக வேலை செய்தது. பைக்கு ஒரு நிமிடம். அறுபதாவது பை முடிந்ததும் மோட்டார் புகைந்து அடங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது வசந்தி வந்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதென்னுங்க, இரும்புங்களா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அது இரும்பு என்று தெரிந்தது.

அப்புறம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் என் பிள்ளைகள் சொத்தே வேண்டாம் என்று போய்விடுவார்கள். இயந்திரத்தை எங்கள் வீட்டுக் குளியலறைப் பரண்மேல் ஏற்றி, மேலே பழைய பாய் போட்டு மூடினேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாம்பழ வடிவத்தில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். அதைக் கழற்றி அறுபது பைகளுக்குள்ளும் விட்டுத் துழாவினேன். கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அக்கா ஊரிலிருந்து வந்ததும், நான் மரச்சுத்தியால் அறுபது பை தட்டி வைத்தேன் என்றேன். வசந்தி அந்த நேரம் ஜன்னல் வழியாக ஏதோ பறவையைப் பார்த்தாள்.

அக்கா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான தட்டினிய?"

"மூணு தடவைங்க்கா."

மீதி எண்பதை அவரே தட்டினார். எல்லாம் ஆய்வகம் போனது.

முடிவு வந்த நாளில் அவருடைய மேலதிகாரி அலுவலகம் முழுக்கப் பேடா கொடுத்தாராம். அப்படி ஒரு இரும்பை அங்கே யாரும் கண்டதில்லை. முதல் பத்து ரகங்களை மட்டும் எடுத்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம், மற்றதைத் தூக்கிப் போடலாம் என்று முடிவாகிவிட்டது. அக்கா மட்டும் பேடாவைத் தொடாமல் வீட்டுக்கு வந்து, தாளை விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உம்மென்று இருந்தார். நாலாவது நாள் ஒரு துணிப்பை, மரச்சுத்தி, காந்தம் மூன்றோடும் மேலே ஏறி வந்தார்.

"அண்ணாச்சி, மொத பத்தும் ஒண்ணுலருந்து அறுபதுக்குள்ளயே இருக்கு. கம்புக்கு எண்ணத் தெரியாதுல்லா? ஒண்ணு முதல் அறுபது நீங்க தட்டுனது. மிச்சம் நான் தட்டுனது. எங்கைக்கும் உங்க கைக்கும் என்ன வித்தியாசம்?"

தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது. நுழைந்தேன்.

"அக்கா, உள்ளதைச் சொல்லிப்போடறனுங்க. கை கழுவலீங்க."

"அப்படியா? நல்லதாப் போச்சு. இந்தாங்க பையி. கழுவாத கையால அதே மாதிரி தட்டுங்க. கையிலருந்து எவ்வளவு ஒட்டுதுன்னு அனுப்பிப் பாப்போம்."

இப்படி ஒரு குற்றவாளிக்கும் நேரக்கூடாது. மரச்சுத்தியை நான் அதுவரை தொட்டதே இல்லை. பையைத் தரையில் வைத்து, பட்டறையில் ஆணி அடிப்பது போல ஓங்கி ஒன்று போட்டேன். பையின் வாயைக் கட்ட வேண்டும் என்பது தெரியாது. கம்பு மணி சோபாவுக்கு அடியிலும், டி.வி.க்குப் பின்னாலும், வசந்தி கையிலிருந்த மோர்க் குழம்பிலும் தெறித்தது.

அக்கா சுத்தியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இத நீங்க இதுக்கு முந்திச் செஞ்சதே இல்ல."

"இல்லீங்க்கா."

"எதுல அடிச்சிய?"

பரணுக்கு ஏணி வைத்தேன். இயந்திரத்தை இறக்கிக் கூடத்தில் வைத்தேன். அவர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு அது டங்கென்று போய் ஒட்டியது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத்தான் எடுத்தோம்.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அக்கா தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா! நான் பயந்தே போயிட்டேன் அண்ணாச்சி. நெசமாவே நல்ல சேதி வந்துருச்சோன்னு."

சிரித்து முடித்த பிறகுதான் விஷயத்தின் கனம் உறைத்தது. மேலிடத்துக்குப் போய்விட்ட முடிவைத் திரும்பப் பெற வேண்டும். ஏற்கெனவே இந்த வேலைக்கு இன்னும் எத்தனை வருடம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த இடம். காட்டையே மூடிவிடலாம். நான் பயத்தில், என் வாழ்நாளில் பேசியதிலேயே மோசமான ஒன்றைப் பேசினேன்.

"யாருக்குங்க்கா தெரியப்போவுது?"

அக்கா கோபப்படவில்லை. காந்தத்தில் ஒட்டியிருந்த தூளைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சகுபாய் ரத்தத்துக்குத் தெரியும்."

மறுநாள் கடிதம் எழுதினார். நான் தட்டச்சுப் பிரதியை எட்டிப் பார்த்தேன். "என் கவனக்குறைவால் மாதிரிகளில் இரும்பு கலந்துவிட்டது" என்றிருந்தது. என் பெயர் இல்லை, மோட்டார் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. பேடா கொடுத்த அதிகாரி பேடாவைத் திரும்பக் கேட்காததுதான் குறை. ஒரே ஒரு பருவம் தருகிறேன், அதிலும் ஒன்றும் தேறாவிட்டால் காட்டை ஒப்படைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது.

"விதைக்கு ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. நீங்க மிஷின்ல அடிச்சது அதுக்குத் தெரியாது. திரும்ப வெதைப்போம். நூத்தி நாப்பதையும்."

"அறுபது மட்டும் போதாதுங்களா?"

"உங்க அறுபது பொய் சொல்லுச்சு. அதுக்காக எம் எண்பது உண்மை சொல்லுச்சுன்னு ஆயிருமா?"

தை மாதம் விதைத்து, கிணற்றுப் பாசனத்தில் வளர்த்து, கோடையில் அறுத்தார்கள். தட்டுவதற்கு எனக்கு அழைப்பு வந்தது. அழைப்பு என்றால் தண்டனை. அக்கா வீட்டு வாசலில் சோதனை நடந்தது. வேட்டிதான் கட்ட வேண்டும், பேன்ட்டில் ஜிப் இருக்கிறது. பெல்ட் கூடாது, வாட்ச் கூடாது, சாவிக்கொத்து கூடாது.

"இது தங்க மோதிரமுங்க்கா. தங்கத்துல ஏதுங்க இரும்பு?"

"தங்கத்த நம்பலாம். உங்கள நம்ப முடியாது. கழட்டுங்க. பல்லு எதுவும் அடைச்சிருக்கியளா?"

மோதிரம் சோப்புப் போட்டும் வரவில்லை. கடைசியில் விரலுக்குத் துணி சுற்றிவிட்டார். அப்படியே ஆறு நாள், ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, மரச்சுத்தியால் தட்டினேன். சகுபாயும் வந்து அக்கா வீட்டிலேயே தங்கி, பக்கத்தில் உட்கார்ந்து தட்டினாள். நான் ஒன்று தட்டுவதற்குள் அவள் மூன்று. நடுநடுவே என் துணி சுற்றிய விரலைப் பார்த்து, "காய் ஜாலா ஸாஹேப்?" என்று, என்னாச்சு என்று பாவமாக விசாரித்தாள். அக்கா அவள் காதோடு மராத்தியில் என்னவோ பதில் சொன்னார். அதன்பின் அவள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் சிரித்தாள். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆய்வகத் தாள் வருவதற்குள் எனக்கு மூன்று கிலோ குறைந்தது. அதை அக்கா நம்பவில்லை, செங்கல் கொண்டுவரச் சொன்னார். தாள் வந்தது. என் அறுபதில் முன்பு முதல் பத்தில் இருந்தவை ஒன்றுவிடாமல் கீழே இறங்கியிருந்தன. அத்தனையும் சாதாரணக் கம்பு. அக்கா விரலைத் தாளின் உச்சிக்குக் கொண்டுபோய் முதல் இடத்தில் நிறுத்தினார். தொண்ணூற்று நாலு. போன தடவை அவர் கையால் தட்டிய பை. அப்போதைய பட்டியலில் என் இரும்புப் பைகளுக்குப் பின்னால் நாற்பத்து மூன்றாவது இடத்தில் கிடந்தது. முதல் பத்தோடு கதை முடிந்திருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

"ஏனுங்க்கா, நல்ல சேதிதானுங்களே?"

"அப்படித்தான் தெரியுது," என்றார் கவலையாக. "திரும்ப அனுப்பணும்."

மூன்று தடவை அனுப்பினார். மூன்றாவது தடவையும் அதே அளவு வந்த பிறகு, அரைமனதோடு கேசரி செய்தார். காடு மூடப்படவில்லை. தொண்ணூற்று நாலின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாலைந்து வருடம் ஓடியது. அந்தக் காட்டைச் சுற்றியிருந்த ஏழெட்டுக் குடும்பங்களுக்குச் சோதனை விதை போனது. அக்கா ஊர்ப்பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்போது காந்தத்தை எனக்குக் கொடுக்கவில்லை. அது தேவைப்படும் என்றார்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எங்கள் பட்டறையில் பாதி ரஞ்சன்காவுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் சகுபாய் ஊருக்குப் போனேன். அவள் காட்டில் அந்தக் கம்புதான் நின்றது. அதே மிளகாயோடு பாக்ரி கொடுத்தாள். போன மாதம் ஊரில் சுகாதார முகாம் போட்டு எல்லாப் பெண்களுக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்களாம். இவளுக்கு மாத்திரை தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். கேட்காமலேயே கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். சிவப்பு.

எனக்குத் தாங்கவில்லை. சாலையோரத்துக்கு வந்ததும் கோவில்பட்டிக்கு போன் போட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கீரையுந் தின்னிருப்பா," என்றார் அக்கா. அப்புறம், "அந்த ரத்தம் பாக்குற மிஷினு சரியா இருந்துச்சான்னு கேட்டியளா அண்ணாச்சி?"

மறுவாரம் அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். அவர்களுக்கே சந்தேகம் வந்து சகுபாய்க்கு வேறு கருவியில் இரண்டாம் முறை குத்திப் பார்த்திருக்கிறார்கள். அதே அளவுதான்.